ஆகக் குறைந்த பயண நேரம்

என்னோடு பாடசாலைக் கன்டீனில் வேலை செய்த பிரெஞ்சுக்காரி ஒருத்திக்கு இரக்க குணம் கொஞ்சம் கூடுதல். அப்பாவைக் கண்டு ஆறு வருடமாகிறது என்று ஒருநாள் அவளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள், கைபேசியில் தேடினாள். பாரிஸிலிருந்து கொழும்புக்கு எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், நேரடி விமானத்தில் பத்தரை மணித்தியாலம் என்று வந்தது. "இவ்வளவுதானா? இது ஒரு தூரமா? இரவு ஏறிப் படுத்தால் விடிய அங்கே நிற்பாய்" என்று என் முதுகில் தட்டினாள்.

நான் சிரித்து வைத்தேன். வேலையிடத்தில் வேறென்ன செய்வது? ஆனால் லெ பிளாங்-மெனிலில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சு கொதித்தது. பத்தரை மணித்தியாலம் யாருக்கு? சரக்குப் பெட்டிக்குப் பத்தரை மணித்தியாலம். மார்கழி நத்தார் விடுமுறைக்குக் கடலில் குளிக்கப் போகிறவர்களுக்குப் பத்தரை மணித்தியாலம். அந்தக் கணக்கை எழுதி வைத்தவர்களுக்கு விமானத்தின் வேகம் தெரியும். ஏறுகிறவர் கையில் என்ன பத்திரம் இருக்கிறதென்று அவர்கள் ஏன் யோசிக்கப் போகிறார்கள்?

என் கையில் இருந்தது அகதிகளுக்குப் பிரான்ஸ் கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகம். அதில் ஒரு வரி உண்டு. எல்லா நாடுகளுக்கும் செல்லலாம், சிறீலங்கா தவிர. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் மரக்கறி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வரி தேவாரம் மாதிரி மனப்பாடம். நான் விரும்பினால் பெருவுக்குப் போகலாம், ஐஸ்லாந்துக்குப் போகலாம். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு இருக்கும் ஒரேயொரு அப்பா எந்த நாட்டில் இருக்கிறாரோ, அந்த ஒரு நாட்டைத்தான் தேடிப்பிடித்துக் கழித்து வைத்திருந்தார்கள். ஊருக்குப் போனால் ஆபத்து என்று நானேதான் எழுதிக் கொடுத்தேன், அதை நம்பித்தான் புத்தகம் தந்தார்கள், எல்லாம் சரி. சரியென்று தெரிந்தால் கோபம் வராது என்று யார் சொன்னது?

இதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி திருச்சி. ஊரிலிருந்து அவர்கள் வருவார்கள், இங்கிருந்து நாங்கள் போவோம், நடுவில் திருச்சியில் ஒரு விடுதியிலோ வாடகை வீட்டிலோ சந்திப்பு. பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, பேரப்பிள்ளையைக் காட்டுவது எல்லாம் அங்கேதான். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறினால் ஒரு மணித்தியாலம். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்து மூடுவதற்குள் இறங்கிவிடலாம் என்பார்கள்.

எங்களுடைய சந்திப்புக்கு நான் ஏங்கியதற்குக் காரணம் ஆறு வருடம் மட்டுமல்ல. நான் பாரிஸுக்கு வருமுன்பே அம்மா இறந்துவிட்டிருந்தார். அப்பாவும் தம்பியும் வன்னியில் இருந்தார்கள். 2009இல் சண்டை முடிந்த நாட்களில் தம்பி இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் வரிசையில் நின்று பஸ்ஸில் ஏற்றப்பட்டதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அப்பா தனித்துப் போனார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், அதற்குப் பிறகு முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். தம்பியைப் பற்றி எங்கே விசாரணை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில், அதே கையெழுத்து.

இந்திய விசா கிடைக்க மாதக்கணக்கில் இழுத்தது. சிறீலங்காவில் பிறந்தவள், பிரான்ஸின் அகதி, இந்தியாவில் என்ன வேலை என்று கேட்டார்கள். அப்பாவைப் பார்க்கும் வேலை என்றேன். பாடசாலை விடுமுறையில்தான் எனக்கு லீவு என்பதால் வசந்தகால விடுமுறைக்கு நாள் குறித்தோம். பத்து நாள் அப்பாவும் நானும் ஒரே கூரையின் கீழ் இருப்பதாகத் திட்டம்.

அதற்குள் அப்பாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. தம்பியைப் பற்றிய விசாரணை, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அப்பா வியாழன் மத்தியானமே திருச்சியை விட்டுப் புறப்பட்டுக் கொழும்பில் இறங்கி இரவு பஸ் பிடித்தால்தான் அதற்குப் போய்ச் சேரலாம். ஆகவே எங்கள் பத்து நாள் நாலு நாளாகியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை அத்தோடு முடியவில்லை.

நான் சனிக்கிழமை ஏறி ஞாயிறு இறங்க வேண்டியவள். அதற்கு முந்திய வியாழக்கிழமை, கன்டீனில் தட்டுக் கழுவும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்த நேரம், எனக்கு டிக்கெட் போட்ட லூயி-பிளாங் வீதிப் பயண முகவர் தொலைபேசியில் வந்தார். பாண்டிச்சேரிக்காரர். பாட்டன் காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த குடும்பம். தங்கமான மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

"நல்ல சேதி மதாம். உங்க சனிக்கிழமை ஃப்ளைட்ட கம்பெனிக்காரன் ரத்து பண்ணிட்டான். ஆனா நான் விடல. அதைவிட நல்லதா ஒண்ணு போட்டிருக்கேன். பதிமூணு மணி நேரத்துல திருச்சி. நடுவுல ஒரே ஒரு எஸ்கால்தான்."

இடையில் ஓர் இடத்தில் மாறி ஏறுவதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அந்த இரைச்சலில் பதிமூன்று என்ற எண் மட்டும் காதில் இனித்தது. நன்றி என்று இரண்டு தரம் சொன்னேன். முதல் டிக்கெட்டில் பத்தொன்பது மணித்தியாலம். அப்பாவோடு இருக்க ஆறு மணித்தியாலம் கூடக் கிடைத்ததென்று கணக்குப் பார்த்துக்கொண்டு மிச்சத் தட்டுகளை அடுக்கினேன்.

மாலையில் என் கணவர் டிக்கெட்டைக் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எங்கை மாறுறாய் எண்டு கேட்டனியோ?" என்றார். கொழும்பில்.

மறுநாள் வேலை முடிந்த கையோடு ரயில் பிடித்து கார் து நோர் நிலையத்தில் இறங்கி, முகவரின் கடைக்கு நடந்த நடையை இன்றைக்கு நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. கடையில் கூட்டம். நான் வரிசையில் நிற்கவில்லை. நேரே போய்ப் புத்தகத்தை அவருடைய மேசையில் விரித்து, அந்த வரியைக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் கிளப்பியது. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க மதாம், பயண நேரம் எது ரொம்பக் கம்மின்னு போட்டுத் தேடினேன். முதல்ல வந்தது இதுதான். உங்களுக்கு நல்லது பண்ணணும்னுதான் போட்டேன்."

திரையில் விமானங்கள் வரிசையாக நின்றன. ஆகக் குறைந்த நேரம் மேலே, கூடிய நேரம் கீழே. எத்தனை தரம் மாற வேண்டும், சாப்பாட்டில் இறைச்சி வேண்டுமா, கால் நீட்ட இடம் வேண்டுமா என்றெல்லாம் கேட்பதற்கு அதில் கட்டங்கள் இருந்தன. அப்பா இருக்கும் நாடு வேண்டாம் என்று குறிக்க ஒரு கட்டம் இல்லை.

"நீங்க வெளியவே போகப் போறதில்ல மதாம். ஏர்போர்ட்டுக்குள்ளயே ஒண்ணரை மணி நேரம். ஒரு காபி குடிச்சா முடிஞ்சு போச்சு."

"பிளேன் வந்து நிக்கிற நிலம் ஆருடைய நிலம் ஐயா?" என்று கேட்டேன்.

"உங்க ஊர்தானே மதாம்? இப்பதான் சண்டையும் முடிஞ்சிருச்சே."

உங்க ஊர்தானே! அந்த வார்த்தையை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார்! அவருக்கு ஊர் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு வருவது. நான் அவரைப் பிழை சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அன்றைக்குப் பிழைதான் சொன்னேன், சத்தமாகச் சொன்னேன். கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் சமாதானம் செய்ய வந்தார். "தங்கச்சி, சும்மா பயப்பிடாதையுங்கோ. நான் வருசா வருசம் திருவிழாவுக்குப் போட்டு வாறன். ஒண்டும் செய்யாங்கள். ஏதும் கேட்டால் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ, விட்டுடுவாங்கள்."

"அண்ணை, உங்கடை பாஸ்போர்ட் என்ன நிறம்?"

"அது... நான் பிரெஞ்சு எடுத்து நாளாச்சு."

"என்ரை நீலம். இதோடை ஒருக்காச் சிரிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

அவர் ஒதுங்கிக்கொண்டார். என் தம்பியைக் கொண்டுபோனவர்களுக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். தனக்கு வந்தால்தான் தெரியும் தலையிடியும் காய்ச்சலும் என்று சும்மாவா சொன்னார்கள்?

முகவர் மறுபடி தேடினார். விடுமுறைக் காலம், எல்லாம் நிரம்பியிருந்தது. கொழும்பைத் தொடாமல் கிடைத்தது ஒன்றே ஒன்று. செவ்வாய் மாலை ஏறி, வளைகுடாவில் ஒரு மாற்றம், சென்னையில் ஒரு மாற்றம், வியாழன் காலை திருச்சி. அப்பாவின் விமானம் அதே வியாழன் மத்தியானம். "ரெண்டு டிக்கெட்டையும் வச்சிருக்கேன். நாளைக்குக் காலைல வரைக்கும் டைம் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இப்போது அவருடைய குரலும் இறங்கியிருந்தது.

யோசிப்பதற்கு என்ன இருந்தது? கொழும்பு வழியாகப் போனால் அப்பாவோடு நாலு நாள், அல்லது ஒரு சிறையறை. கொடுத்த அகதி நிலையைப் பிரான்ஸே பிடுங்கிக்கொள்ளவும் கூடும். சுற்றிப் போனால் பத்திரமாக, அப்பாவோடு ஒரு காலைப்பொழுது. கணவரைக் கேட்டேன். "போ எண்டும் சொல்லமாட்டன், போகாதை எண்டும் சொல்லமாட்டன்" என்றார். இந்தப் பதிலுக்கு ஒரு வாய் எதற்கு என்று அவரிலும் எரிந்து விழுந்தேன்.

அப்பா அதற்குள் திருச்சிக்கு வந்துவிட்டிருந்தார். கண் ஒப்பரேசனுக்கு வந்த அயல்வீட்டுக்காரரோடு சேர்ந்து புறப்பட்டு, விடுதியில் அறை எடுத்து, எனக்கென்று இரண்டாவது கட்டிலும் போடுவித்திருந்தார். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா, நீங்கள் விசாரணைக்கு ஒருக்காப் போகாமல் விட்டால் என்ன?"

"நான் நிக்காட்டி, தேப்பனே வரேல்லை எண்டு எழுதிப்போட்டு ஃபைலை மூடிப்போடுவாங்கள், பிள்ளை."

"அப்ப நான் கொழும்பாலை வாறன். நடக்கிறது நடக்கட்டும்."

அப்பா பழைய பஸ்காரக் குரலில், "அந்தப் பாதையாலை வராதை. ஒரு பிள்ளையைக் குடுத்தது போதும். பாலம் உடைஞ்சால் சுத்தித்தானே போறனாங்கள்? நீயும் சுத்தி வா. நான் பாத்துக்கொண்டு நிப்பன்" என்றார்.

சுற்றித்தான் போனேன். அந்த ஒன்றரை நாளைப் பற்றி எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வளைகுடா விமான நிலையத்தில் விளக்குகள் அணைவதே இல்லை. புறப்பாடு அறிவிக்கும் பலகையில் கொழும்பு என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வாசலுக்கு எதிரே நான் இருந்த கதிரையில், கொழும்புக்குப் போகும் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று தொப்பியும் செருப்புமாக வரிசை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்கள். ஆனாலும் அன்றைக்கு அவர்கள் மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

திருச்சியில் இறங்கியதும் பெட்டி வரும்வரை நிற்கவில்லை. பிறகு எடுத்துக்கொள்ளலாமென்று கைப்பையோடு வெளியே ஓடினேன். அப்பா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடியற்காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார் என்று பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சொன்னார். வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் ஊருக்குப் போகும் பை. நான் விட்டுவந்த அப்பாவில் பாதிதான் இருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கையெல்லாம் நிண்டு வந்தனீ?" என்றார். அந்தப் பஸ்காரக் கேள்வியில் எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் உள்ளே போவதற்கு ஒன்றரை மணித்தியாலம்கூட இருக்கவில்லை. விடுதிக்குப் போய் வர நேரமில்லை. வீதிக்கு எதிர்ப்புறம் ஒரு தேநீர்க் கடையின் மர வாங்கில் உட்கார்ந்தோம். இட்லி வாங்கினேன், அவர் ஒன்றுதான் தின்றார். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கர்ப்பமாகி இரண்டு முறை தங்காமல் போனதை நான் தொலைபேசியில் சொல்லியிருக்கவில்லை, நேரில் சொல்லலாமென்று வைத்திருந்தேன்.

அப்பா தண்ணீர் குடித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுறதை உனக்கு ஒருக்காச் சொல்லிப் பாக்கிறன். பிழை இருந்தால் திருத்து. போனமுறை திகதியிலை தடுமாறினாப் போலை, வயசு போன ஆள் எண்டு நக்கலடிச்சவங்கள்" என்றார்.

மறுக்க முடியுமா? அவர் தொடங்கினார். எந்த இடம், எந்த வீதி, யார் யார் பக்கத்தில் நின்றார்கள், தம்பி என்ன நிறச் சட்டை போட்டிருந்தான், எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ்ஸின் இலக்கத்தை மட்டும் அவர் ஒருமுறையும் தடுமாறாமல் சொன்னார். இடையில் நிறுத்தி, திகதியை மூன்று தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் தம்பிக்காகத்தான், எனக்குத் தெரியும். தம்பிக்குக் கொடுத்த நேரத்தை நான் ஒருநாளும் கணக்குப் பார்க்கமாட்டேன். ஆனால் ஒரு தகப்பனை மகளிடம்கூட சாட்சி சொல்லிப் பழக வைத்தார்களே, அவர்களை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

முடித்ததும் நேரமாகிவிட்டது. வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் டிக்கெட் உள்ளவர்களைத்தான் விடுவேன் என்று கையால் காட்டினார். ஐந்து நிமிடம் என்று தமிழில் கெஞ்சினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பிரெஞ்சில் திட்டினேன், அதுவும் தெரியாது. அப்பா என் தோளைத் தட்டி, "விடு, பிள்ளை. உன்னைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை, என்ன? பேந்து ஃபோனிலை கதைப்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிறகு விமானக் கம்பனிக்காரரிடம் சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். என் திரும்பும் டிக்கெட்டுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அப்பா படுத்த விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. மற்றதில் விரிப்புக் கசங்காமல் இருந்தது. பெட்டியைத் திறக்க மனமில்லாமல், உடுத்த உடுப்போடு படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே அழைத்தேன்.

"சொல்லிட்டீங்களோ அப்பா? திகதி பிழைக்கேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. அவர் வரேல்லை."

"ஆர்?"

"விசாரிக்கிற ஐயா. கொழும்பிலையிருந்து ஆறு மணித்தியாலம் ஓடி வரோணுமாம், தூரம் கூடவாம். பத்து மணிக்கு ஒரு கிளார்க் வந்து சொன்னவர், விசாரணை ஒத்திவைப்பு, திகதி பிறகு அறிவிப்பினம் எண்டு. மண்டபம் நிறையச் சனம். விடிய வந்து குந்தியிருந்ததுகள், பாவம்."

ஆறு மணித்தியாலம். குளிரூட்டிய வாகனத்தில், வேறொருவர் ஓட்ட, தன் நாட்டில், யாரும் மறிக்காத வீதியில் ஆறு மணித்தியாலம். அந்த மனிதருக்கு அது தூரம். வாய்க்கு வந்தபடி நான் தொலைபேசியில் கத்தினேன், விடுதிக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை கத்தினேன். அப்பா இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ இன்னும் எத்தினை நாள் அங்கை நிக்கிறாய்?"

"அஞ்சு நாள் அப்பா."

அப்பா நாட்களைத் தனக்குள் எண்ணிப் பார்ப்பது கேட்டது.

"அப்ப நான் நிண்டிருக்கலாம், என்ன?" என்றார் அப்பா.